ஆளுமையா, ஆண்மையா? தமிழ்க் கதைமரபில் அதிகாரம் செலுத்தும் பெண்ணின் சித்திரிப்பு

ஆய்வுச்சுருக்கம்

அதிகாரப் பொறுப்பிலுள்ள பெண்ணைத் தமிழ்க் கதைமரபு பெரும்பாலும் அவளது பணியால் அளப்பதில்லை. பெண்ணுக்குரியனவாகக் கருதப்படும் பண்புகள் அவளிடம் உள்ளனவா என்பதைக் கொண்டே அளக்கிறது. தடாதகை, அல்லி, மங்கம்மாள் ஆகியோர் பற்றிய கதைகளிலும் 'மன்னன்' (1992) திரைப்படத்திலும் இப்போக்கு தெளிவாகத் தெரிகிறது. 'ஆண்தன்மை கொண்ட பெண்' எனத் திறனாய்வு இத்தகைய பாத்திரங்களுக்குச் சூட்டும் பெயரும் அதே அளவுகோலிலிருந்து பிறப்பதே. ஆகவே, பண்புப் பட்டியலை விடுத்துச் செயலையும் அதன் விளைவையும் கதை வழங்கும் முடிவையும் நோக்கும் வாசிப்பு வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஆளுமை, ஆண்மை, பெண் தலைமை, தடாதகை, அல்லி, மங்கம்மாள், மன்னன், அறம்.

முன்னுரை

பி. வாசு இயக்கத்தில் 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'மன்னன்' திரைப்படத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவி சாந்தி தேவி. அவள் கடுமையானவள், தன் சொல்லுக்கு மறுசொல் வருவதைப் பொறாதவள். படத்தின் முடிவில் அவள் மனம் மாறுகிறாள். மனம் மாறிய முதலாளி நல்ல முதலாளியாகத் தன் இருக்கையில் தொடர்வதே கதைப்போக்கில் எதிர்பார்க்கத்தக்கது. சாந்தி தேவியோ இல்லத்தரசி ஆகிறாள். அவள் திருந்தியதற்கான சான்றாகப் பார்வையாளர் முன் வைக்கப்படுவது அவள் பதவியை விட்டு வீட்டுக்குள் வந்ததே ஆகும்.

இந்த முடிவு ஒரு திரைப்படத்தின் வணிகத் தேவையால் மட்டும் விளைந்ததன்று. அதற்குப் பின்னால் நீண்ட கதைமரபொன்று உண்டு. அம்மரபை இனங்காண்பதும், அதனை விளக்க முற்படும் திறனாய்வு எவ்விடத்தில் அதே மரபின் குரலாக மாறிவிடுகிறது என்பதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சொல்லிலேயே தொடங்கும் சிக்கல்

'ஆண்மை' என்னும் சொல் தமிழில் இருவகைப் பிறப்புடையது. 'ஆண்' என்பதனோடு 'மை' ஈறு சேர்ந்து ஆணின் தன்மையைக் குறிப்பது ஒன்று. 'ஆள்' என்னும் வினையடி 'மை' ஈற்றோடு புணர்ந்து, ளகரம் ணகரமாகத் திரிந்து, ஆளுந்தன்மையைக் குறிப்பது மற்றொன்று. வேளாண்மை, தாளாண்மை ஆகிய சொற்களில் நிற்பது இரண்டாவதே. திருக்குறளின் குடிசெயல்வகை அதிகாரத்தில் வரும் 'இல்லாண்மை' ஒருவர் தம் குடியை ஆளும் திறத்தைச் சுட்டுகிறது. இப்பொருளில் ஆண்மை என்பது நிர்வாகம். அது இருபாலார்க்கும் பொது. இக்காலத்தில் வழங்கும் 'ஆளுமை'யும் அதே வினையடியிற் பிறந்ததே. எனினும் ஒலிவடிவம் ஒன்றாக அமைந்தமையால் ஆளுந்திறம் ஆணுக்கே உரியது என்னும் மயக்கம் சொல்லளவிலேயே எளிதாக நுழைந்துவிடுகிறது.

'தலைவன்', 'தலைவி' என்னும் இணையும் சமநிலையுடையதன்று. அக இலக்கியத்தில் தலைவி என்பவள் காதலுக்குரியவள். எதற்கும் தலைமை தாங்குபவள் என்பது அச்சொல்லின் முதன்மைப் பொருளாக அங்கு இல்லை. தலைவனோ அகத்திலும் தலைவன், புறத்திலும் தலைவன். இன்றைய வழக்கில் ஒரு நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள பெண்ணைக் குறிக்கப் 'பெண் தலைவர்' என்று அடைமொழி சேர்க்க நேர்வதும், 'முதலாளி' என்ற பொதுச்சொல் 'முதலாளியம்மா' எனத் தாய்மையின் ஒட்டினைப் பெறுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன.

பண்பு வரையறைக்குத் தொல்காப்பியத்தைச் சான்று காட்டுவது ஆய்வுலகில் வழக்கமாக உள்ளது. களவியலில் பெருமையும் உரனும் ஆணுக்கும், அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கும் உரியனவாகக் கூறப்படுகின்றன. இதனை எடுத்துக்காட்டும் கட்டுரைகள் பல. ஆனால் அதே நூலின் பொருளியல், செம்மை, செப்பு, அறிவு முதலியவற்றையும் பெண்பாலுக்கு உரியனவாகச் சொல்கிறது. நேர்மையும் சொல்வன்மையும் அறிவும் தலைமைக்கு வேண்டிய பண்புகள் அல்லவா? இரண்டு நூற்பாக்களும் அகப்பொருட் சூழலில் அமைந்தவை என்பதையும் மறத்தற்கில்லை. களவொழுக்கத்தில் நிற்கும் தலைவிக்குச் சொன்னதை ஆட்சிக் கட்டிலில் இருக்கும் பெண்ணுக்கும் அலுவலகத்தில் இருக்கும் பெண்ணுக்கும் விதியாக்கியது பிற்காலத்தார் செயல். முன்னதை மட்டும் எடுத்துப் பின்னதை விடுத்ததும் அவர்கள் தேர்வே.

தடாதகையும் அல்லியும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயினின்று மூன்று தனங்களோடு ஒரு பெண் மகவு தோன்றுகிறது. தனக்குரிய கணவனைக் காணும்போது ஒன்று மறையும் என்று அசரீரி கூறுகிறது. தடாதகை ஆண்மகவைப் போல வளர்க்கப்பட்டு, முடிசூடி, திக்குவிசயம் புறப்பட்டு, கயிலையில் சிவகணங்களையும் வெல்கிறாள். சிவபெருமானைக் கண்ட கணத்தில் மூன்றாவது தனம் மறைகிறது. நாணம் மேலிட்டுத் தலைகவிழ்ந்து நிற்கிறாள். பின்னர்த் திருமணம் நிகழ்கிறது. மதுரையை ஆள்பவர் சுந்தரபாண்டியர் ஆகிறார்.

இங்குத் தடாதகையின் ஆட்சியில் குறை ஒன்றும் கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவள் செங்கோல் கோடவில்லை, படை தோற்கவில்லை. ஆயினும் அவளது அதிகாரத்துக்கு முடிவுநாள் பிறப்பிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. வீரம் உடலின் மிகையோடு இணைக்கப்பட்டு, அம்மிகை நீங்கும் கணத்தில் நாணம் வந்து சேர்கிறது. ஆளும் பண்பும் நாணமும் ஓருடலில் ஒருங்கே இருக்க இயலாதவை போலக் கதை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது.

ஆனால் மதுரைக் கோயிலின் வழிபாட்டு மரபு புராண முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சித்திரைத் திருவிழாவில் ஆண்டுதோறும் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் நடைபெற்றுச் செங்கோல் வழங்கப்படுகிறது. அடுத்த நாள் திக்குவிசயம், அதன்பின் திருக்கல்யாணம். திருமணத்துக்குப் பின்னும் ஆவணி வரை மதுரையில் மீனாட்சியின் ஆட்சியே நடக்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. ஆவணி மூலத் திருவிழாவில்தான் சுந்தரேசுவரர் முடிசூடுகிறார். புராணம் ஒருமுறை முடித்துவைத்த ஆட்சியைத் திருவிழா ஆண்டுதோறும் மீண்டும் தொடங்கிவைக்கிறது. மரபு ஒற்றைக் குரலுடையதன்று என்பதற்கு இது தக்க சான்று.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையின் தலைவி அல்லி, பெண்களைக் கொண்டே மதுரையை ஆள்பவள், ஆடவரை அணுகவிடாதவள். அவளை விரும்பும் அருச்சுனன் போரில் வென்று மணக்கவில்லை. கண்ணனின் துணையோடு பாம்புருக்கொண்டு பள்ளியறையில் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டுகிறான். விழித்திருக்கும் அல்லியை வெல்ல வழியில்லை என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. அவள் இசைவின்றி நிகழ்ந்த அச்செயல் கதையில் வெற்றியாகவே கொண்டாடப்படுகிறது. பேச்சுவழக்கில் எஞ்சி நிற்பதும் அல்லியின் வீரமன்று. பெண்ணின் சொல் மேலோங்கும் வீட்டையோ அலுவலகத்தையோ குறிக்க 'அல்லி ராஜ்யம்', 'அல்லி தர்பார்' என்னும் ஏளனத் தொடர்களே நிலைத்துள்ளன. ஆணின் சொல் மேலோங்கும் அலுவலகத்துக்கு அத்தகைய தனித்தொடர் எதுவும் வழக்கில் இல்லை; அது வெறும் அலுவலகம்.

மங்கம்மாள்: நிர்வாகம் கழுவாயான கதை

மேற்கண்ட இருவரும் கதைமாந்தர். வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பணியையும் கதை இவ்வாறே மாற்றியமைக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக மதுரை நாயக்க அரசை நடத்தியவர் இராணி மங்கம்மாள். சாலைகளும் சத்திரங்களும் இன்றளவும் அவர் பெயரால் வழங்குகின்றன. சாலை அமைப்பது வணிகத்துக்கும் படைப்பெயர்ச்சிக்கும் யாத்திரைக்கும் வேண்டிய ஆட்சிப்பணி. ஆனால் அவர் சாலைகள் அமைத்ததற்கு மக்களிடையே வழங்கும் கதை வேறொரு காரணம் கூறுகிறது. ஒருநாள் தம்மை அறியாமல் இடக்கையால் வெற்றிலையை வாயிலிட்டுவிட்டாராம். அக்குற்றத்துக்குக் கழுவாயாகவே அறப்பணிகள் செய்தாராம்.

இக்கதையைத் தூற்றலாகக் கொள்ளவேண்டியதில்லை, அன்போடு சொல்லப்படுவதே. ஆயினும் அது செய்யும் வேலை நுட்பமானது. திட்டமிட்டு நாட்டை நடத்திய நிர்வாகியின் செயலை, ஆசாரம் தவறியதற்கு அஞ்சிய பெண்ணின் செயலாக அது மாற்றிவிடுகிறது. சாலை நிற்கிறது, சாலையை எண்ணிய அறிவு மறைந்து, அதன் இடத்தில் அச்சம் வந்து அமர்கிறது. களவியல் கூறும் முதற்பண்பு வரலாற்றின்மேல் ஏற்றப்படும் முறை இதுவாகும்.

'மன்னன்': வர்க்கச் சிக்கலுக்குத் திருமணத் தீர்வு

இம்மூன்று கதைகளின் தடங்களும் 'மன்னன்' படத்தில் ஒருங்கே காணப்படுகின்றன. சாந்தி தேவி, தன்னை எதிர்த்து நிற்கும் தொழிற்சங்கத் தலைவன் கிருஷ்ணாவைக் கணவனாக்கிக்கொண்டால் அடக்கிவிடலாம் என்று கணக்கிட்டு மணக்கிறாள். அவளைச் சுற்றி நிற்கும் பெண்கள் இருவர். ஒருத்தி நோயுற்று மகனின் பணிவிடையை ஏற்கும் தாய். மற்றொருத்தி கிருஷ்ணாவை உள்ளுக்குள் விரும்பும் மென்மையான செயலாளர் மீனா. தாய்மையும் மென்மையும் இருபுறம் நிற்க, அவ்விரண்டும் இல்லாதவளாக நடுவில் சாந்தி தேவி நிறுத்தப்படுகிறாள். அவளுடைய குறை அவள் பேசத் தொடங்கும் முன்பே காட்சியமைப்பால் நிறுவப்பட்டுவிடுகிறது.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ளவேண்டும். சாந்தி தேவி தொழிலாளரை மதியாத கொடிய முதலாளி. அவள் தோல்வியுறுவது உழைப்பவர் பக்க நியாயம். இதில் பெண்ணை இழிவுபடுத்துவது எங்கே வந்தது என்று கேட்கலாம். தொழிலாளரின் மனக்குறை நியாயமானது என்பதில் ஐயமில்லை. பெண் என்பதற்காக ஒரு கொடுமையைப் பொறுத்துக்கொள்ளும்படி எந்தப் பெண்ணிய வாசிப்பும் கோருவதில்லை. கேள்வி, குற்றத்துக்கு வழங்கப்படும் தீர்வைப் பற்றியது. தொழிலாளியை மதியாமை என்னும் குற்றத்துக்குரிய திருத்தம் தொழிலாளியை மதித்தல். ஊதியமும் உரிமையும் வழங்குதல். இல்லத்தரசி ஆவது எந்தத் தொழிலாளியின் எந்தக் கோரிக்கை? ஆண் முதலாளி திருந்தும் படங்களில் அவன் இரக்கமுள்ள முதலாளியாகிறான், அடுக்களைக்கு அனுப்பப்படுவதில்லை. இப்படத்தில் வர்க்கச் சிக்கலாகத் தொடங்கியது பாற்சிக்கலாக உருமாற்றப்பட்டு, திருமண வாழ்வின் ஒழுங்கில் தீர்த்துவைக்கப்படுகிறது. அதனால் தொழிலாளரும் ஏமாற்றப்படுகின்றனர் என்பதே உண்மை.

பெண் தலைவர் ஒருவரைச் சுற்றிச் சுழலும் கதைக்கு ஆணரசனைக் குறிக்கும் சொல் தலைப்பாயிற்று. 'இல்லத்தரசி' என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. நிறுவனத்தை இழந்தவளுக்கு அரசி என்ற பெயர் மட்டும் இல்லத்தின் எல்லைக்குள் திருப்பித் தரப்படுகிறது. இக்கதை தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. 1986ஆம் ஆண்டின் கன்னடப் படமான 'அனுராக அரளிது' இதன் மூலம். தெலுங்கில் 'கரானா மொகுடு' (1992), இந்தியில் 'லாட்லா' (1994) எனவும் இக்கதை வெளிவந்தது. எட்டாண்டுகளுக்குள் நான்கு மொழிகளில் ஒரே கதை விரும்பிப் பார்க்கப்பட்டது. 1991இல் அறிமுகமான புதிய பொருளாதாரக் கொள்கையை ஒட்டிய காலத்தில் இவற்றுள் மூன்று வெளிவந்தமை எண்ணத்தக்கது. அலுவலக அதிகாரத்தில் பெண் அமரக்கூடும் என்ற வாய்ப்பு மிகுந்த காலமும், அவளை வீட்டுக்கு அழைத்துவரும் கதையின் காலமும் ஒன்றாக இருந்தன.

பண்புப் பட்டியலின் வரம்பு

தலைமையை ஆணின் பண்பாக எண்ணுவது தமிழ்ச் சமூகத்துக்கு மட்டும் உரிய பழக்கமன்று. அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974இல் வெளியிட்ட பாற்பண்பு அளவீட்டில் 60 பண்புகள் உள்ளன. அவற்றுள் 20 ஆணுக்கு உரியனவாகவும் 20 பெண்ணுக்கு உரியனவாகவும் அன்றைய அமெரிக்கச் சமூகம் கருதியவை; எஞ்சியவை பொது. தலைவராகச் செயற்படுதல், தலைமைத் திறன், எளிதில் முடிவெடுத்தல் ஆகியன ஆண்பாற் பகுதியிலும், நாணம், மென்மை, விட்டுக்கொடுத்தல் ஆகியன பெண்பாற் பகுதியிலும் இடம்பெற்றன. களவியல் நூற்பாவோடு இது ஒத்திருப்பது வியப்புக்குரியது. ஆனால் ஒருவரிடமே இருவகைப் பண்புகளும் மிகுதியாக இருக்கக்கூடும் என்பதைக் காட்டவே பெம் அக்கருவியை அமைத்தார். அதனைப் பெண் பாத்திரங்களை 'ஆண்தன்மை', 'பெண்தன்மை' என இரு பெட்டிகளில் இட்டுவைக்கப் பயன்படுத்துவது கருவியின் நோக்கத்துக்கே மாறானது.

இத்தகைய அளவுகோல் வாழ்வில் என்ன செய்யும் என்பதற்கு ஆன் ஹாப்கின்ஸ் வழக்கு சான்று. 1982இல் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தில் பங்குதாரர் தகுதிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். அப்போதிருந்த 662 பங்குதாரரில் பெண்கள் எழுவர். அவரது தொழில்திறன் பாராட்டப்பட்டது. ஆனால் அவர் ஆணைப்போல நடந்துகொள்கிறார் என்றும் குறை கூறப்பட்டது. இன்னும் பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும், ஒப்பனை செய்யவும் நகை அணியவும் அறிவுரை வழங்கப்பட்டது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண் இப்படித்தான் இருக்கவேண்டும் என்னும் முன்முடிவின் அடிப்படையில் பதவி பற்றி முடிவெடுப்பது பால்வழி வேறுபடுத்தலே என்பதை ஏற்றது. பதவிக்கு வன்மை வேண்டும் என்றும், வன்மையுள்ள பெண் பதவிக்குத் தகாள் என்றும் ஒரே வாயால் சொல்லும் முரண்பாடு அங்கு வெளிப்பட்டது. தடாதகையின் மூன்றாவது தனமும் சாந்தி தேவியின் சினமும் இம்முரண்பாட்டின் கதைவடிவங்களே.

தமிழ்த் திறனாய்வு இவ்விடத்தில் தன்னைத்தானே நோக்கவேண்டியுள்ளது. துணிவுள்ள பெண் பாத்திரத்தைப் பாராட்டும் கட்டுரையும் 'ஆணுக்கு நிகராக' என்கிறது. குறைகூறும் கட்டுரையும் 'பெண்மைக்கு மாறாக' என்கிறது. இரண்டும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகள். துணிவு ஆணின் உடைமை என்பதை ஏற்றுக்கொண்ட பின்னரே 'நிகராக' என்னும் ஒப்பீடு பொருள்படும்.

'அறம்': வேறொரு வழி

இதற்கு மாற்றான சித்திரிப்புத் தமிழில் இல்லாமலில்லை. கோபி நயினார் இயக்கிய 'அறம்' (2017) படத்தில் மாவட்ட ஆட்சியர் மதிவதனி, ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த சிறுமியை மீட்கும் பணிக்குத் தலைமை ஏற்கிறார். அவர் ஆணையிடுகிறார், கண்டிக்கிறார், கலங்கவும் செய்கிறார். இறுதியில், குழந்தையின் அண்ணனான சிறுவனையே அக்குழிக்குள் இறக்கும் பேரிடர் நிறைந்த முடிவை எடுக்கிறார். அவரைத் திருத்தக் காதலனோ கணவனோ வரவில்லை. படத்தினூடே நிகழும் விசாரணை அவர் அதிகாரியாக எடுத்த முடிவுகளைப் பற்றியது. அவர் பெண்ணாக எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பற்றியதன்று.

மதிவதனியும் முடிவில் பதவியை விடுகிறார் என்பது உண்மையே. சாந்தி தேவியின் முடிவோடு இதனை ஒன்றாக எண்ணிவிடலாகாது. மதிவதனி பதவியை விடுவது மக்கள் பணியை வேறிடத்திலிருந்து தொடரவே. ஒருத்தி பொதுவெளியை விட்டு வீட்டுக்குள் செல்கிறாள். மற்றவர் அலுவலகத்தை விட்டுப் பொதுவெளிக்குச் செல்கிறார். கண்டிப்பும் கலக்கமும் ஒருவரிடமே அமைந்து, எதுவும் எதற்கும் விலையாகக் கேட்கப்படாமையே இப்பாத்திரத்தின் சிறப்பு. எனினும், அமைப்புக்குள்ளேயே நீடித்துப் பணியாற்றும் பெண் தலைவரைக் கதை இன்னும் கற்பனை செய்யத் தயங்குகிறது என்ற குறை எஞ்சுகிறது.

திறனாய்வுக்குரிய வினாக்கள்

அதிகாரம் செலுத்தும் பெண் பாத்திரத்தை ஆராய்வோர் பின்வரும் மூன்று வினாக்களைக் கைக்கொள்வது பயன்தரும்.

1. பாத்திரத்தின் முடிவுகள் அவற்றின் விளைவுகளால் மதிப்பிடப்படுகின்றனவா, அவளுடைய குணத்தால் மதிப்பிடப்படுகின்றனவா?

2. அதே செயலை ஓர் ஆண் செய்திருந்தால் கதை அதற்கு என்ன பெயர் இட்டிருக்கும்? கண்டிப்பு என்றா, திமிர் என்றா?

3. கதை முடியும்போது அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவளிடமிருந்து அது நீங்கியிருப்பின், செயலில் நேர்ந்த பிழையால் நீங்கியதா, பெண் என்பதால் நீங்கியதா?

இவ்வினாக்கள் பாத்திரத்துக்கு நற்சான்று வழங்குவதற்கானவை அல்ல. கொடிய பெண் தலைவர் கொடியவராகவே சித்திரிக்கப்படலாம். ஆனால் அவருடைய கொடுமை, கொடுமை என்பதற்காகவே கண்டிக்கப்படவேண்டும்.

முடிவுரை

ஆளுந்தன்மையைக் குறித்த 'ஆண்மை' என்னும் பழஞ்சொல் இருபாலார்க்கும் இடமளித்தது. தடாதகை, அல்லி, மங்கம்மாள், சாந்தி தேவி ஆகியோரின் கதைகள் அவ்விடத்தை ஆணுக்கு மீட்டளிக்கும் முயற்சிகளாக அமைந்துள்ளன. நாணத்தாலும் தாலியாலும் அச்சத்தாலும் இல்லத்தாலும் அவை அதனை நிறைவேற்றுகின்றன. இதனைச் சுட்டிக்காட்ட முற்படும் ஆய்வு, 'ஆண்தன்மை கொண்ட பெண்' என்னும் தொடரைக் கையாளும்போது தானும் அம்முயற்சியில் பங்குகொள்கிறது. தமிழ்த்துறைகளில் பெண் பாத்திரங்கள் பற்றிய ஆய்வேடுகள் மிகுதியாக எழுதப்படும் காலம் இது. அவற்றை எழுதுவோரும் நெறிப்படுத்துவோரும் நாளை பொறுப்பில் அமரப்போவோரும் ஆகப் பெண்கள் பலர் உள்ளனர். அவர்களை அளக்கப்போகும் சொற்களை இன்றே திருத்திக்கொள்வது ஆய்வுலகின் கடமையாகும். மதுரை ஆண்டுதோறும் சித்திரையில் மீனாட்சியின் கையில் செங்கோலைக் கொடுக்கும்போது, அது ஆணுக்குரியதா என்று எவரும் கேட்பதில்லை.